இரண்டு மணி ஏழு நிமிடத்துக்கு வந்த ஆள்

சென்ற ஏப்ரலில் தீத்தொண்டு வாரத்துக்காக என்னை எங்கள் பழைய தீயணைப்பு நிலையத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வுபெற்றவர்கள் நாலு பேர் வந்திருந்தோம். சால்வை போர்த்தினார்கள், போட்டோ எடுத்தார்கள். பிறகு அங்கே இப்போது பொறுப்பில் இருக்கும் இளம் அதிகாரி ஒரு திரையைக் காட்டினார். அழைப்பு வந்த நொடியும் வண்டி கிளம்பிய நொடியும் அதில் தானாகவே பதிவாகிவிடுமாம். யாரும் கை வைக்க முடியாதாம்.

“உங்க காலத்துல எல்லாம் கையாலதானே சார் எழுதுவீங்க? எழுதினதுதான் நேரம், இல்லையா?”

விளையாட்டாகத்தான் கேட்டார். கூட வந்த மூவரும் சிரித்தார்கள். நான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கழிவறை எந்தப் பக்கம் என்று விசாரித்தேன். அவருக்கு அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சொந்த ஊர் அரக்கோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மார்பளவும் உயரமும் அளந்தார்கள், ஒரு ஆளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடச் சொன்னார்கள், ஓடினேன். பயிற்சியில் ஏணி ஏறினேன், குழாய் சுருட்டினேன், முழங்கால் தோல் உரிந்தது. அதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை. வேலையை நான் கற்றுக்கொண்டது அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் இருந்த நிலையத்தில், நிலைய அதிகாரி சாமுவேல் சாரிடம்தான்.

சாமுவேல் சார் ஒடிசலான மனிதர். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. நெருப்பின் இரைச்சலுக்கு நடுவிலும் நம் காதருகே வந்து, வீட்டுக்கூடத்தில் பேசுகிற குரலில்தான் உத்தரவு சொல்வார். எங்களிடமும், குடிசையிலிருந்து ஓடிவந்து நிற்பவர்களிடமும் ஒன்றுபோல “வாங்க, சொல்லுங்க” என்றுதான் பேசுவார். காலையில் வானொலிச் செய்திக்கு முன்னால் ஒலிக்கும் மணியோசைக்குக் காத்திருந்து, ஸ்டூல் போட்டு ஏறி, வாட்ச் ரூம் கடிகாரத்தைத் தன் கையாலேயே சரி செய்வார். வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டார்.

வாட்ச் ரூம் என்பது நிலையத்தின் முன்புறத்து அறை. ஒரு தொலைபேசி, ஒரு மணி, ஒரு கனமான பதிவேடு. இருபத்துநாலு மணி நேரமும் ஒரு ஆள் அங்கே இருக்க வேண்டும். அழைப்பு வந்ததும் முதலில் நேரத்தை எழுத வேண்டும். பிறகு நாலு கேள்வி: எந்த இடம், என்ன எரிகிறது, உள்ளே ஆள் இருக்கிறதா, பக்கத்தில் தண்ணீர் எங்கே. மணி அடித்து ஒரு நிமிடத்துக்குள் வண்டி கேட்டைத் தாண்ட வேண்டும். அந்தக் காலத்தில் போன் எங்கே இருந்தது? கம்பெனிகளில் இருக்கும், சில கடைகளில் இருக்கும். மற்றவர்கள் ஓடியோ சைக்கிளிலோ நேரில்தான் வருவார்கள். அதற்கு ‘ரன்னிங் கால்’ என்று பெயர். அதையும் போன் அழைப்பைப் போலவே நேரம் போட்டு எழுத வேண்டும்.

இரண்டு இடத்திலிருந்து ஒரே நேரத்தில் அழைப்பு வந்து, வண்டி ஒன்றுதான் இருந்தால் என்ன செய்வது? இதைச் சாமுவேல் சார் எங்களிடம் வாரம் ஒருமுறையாவது கேட்பார். எங்கே உள்ளே ஆள் இருக்கிறதோ அங்கே முதலில் போக வேண்டும். மற்ற இடத்துக்குப் பக்கத்து நிலையத்தைப் போனில் கூப்பிட வேண்டும். முதலில் வந்த அழைப்பு, பெரிய இடத்து அழைப்பு என்பதெல்லாம் கணக்கில் வராது.

ஒவ்வொரு வருடமும் ஐப்பசி மழைக்கு முன்னால் எங்களைச் சைக்கிளில் அனுப்புவார். ஏரிக்குக் கீழே இருக்கிற பகுதிகளுக்கெல்லாம் போய், தானாக நடக்க முடியாதவர்கள் யார் யார் என்று எழுதிவர வேண்டும். கிழவர்கள், கால் விளங்காதவர்கள், நிறைமாதப் பெண்கள். சிலர் சிரித்தார்கள், தீயணைப்புக்காரனுக்கு இது எதற்கு என்றார்கள். ஒரு மழைக்காலத்தில் பூந்தமல்லிப் பக்கம் ஏரிக்கரை உடைந்து தண்ணீர் தெருவுக்குள் வந்தபோது, எங்களுக்கு எந்த வீட்டுக் கதவை முதலில் தட்ட வேண்டும் என்று தெரிந்திருந்தது. கயிறு கட்டிப் பதினோரு பேரைக் கொண்டுவந்தோம். அவர்களில் ஒருவரும் தாமாக நடக்கக்கூடியவர் இல்லை. அந்தப் பட்டியல் என் கையெழுத்தில் இருந்தது.

நெருப்பு அணைந்த பிறகும் சாமுவேல் சார் உடனே கிளம்ப மாட்டார். சாம்பல் ஆறும்வரை இருந்து, கம்பியால் கிளறி, யாருடைய ரேஷன் கார்டாவது, பித்தளைச் சொம்பாவது, பள்ளிச் சான்றிதழாவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடச் சொல்வார். கிடைத்ததை ஒரு வரிசையாகத் தரையில் வைப்போம். வீடு போனவர்கள் வந்து தங்களுடையதைக் குனிந்து எடுத்துக்கொள்வார்கள்.

இப்படிப்பட்டவரிடம் பத்து வருடம் வேலை பார்த்த பிறகுதான் நான் அதைச் செய்தேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை மாதம். நான் அப்போது லீடிங் ஃபயர்மேன். அதிகாரி இல்லாத நேரத்தில் வண்டிக்கு நான்தான் பொறுப்பு. சாமுவேல் சார் ஒரு வழக்கில் சாட்சி சொல்லத் திருவள்ளூர் கோர்ட்டுக்குப் போயிருந்தார். மதியம் இரண்டு ஐந்துக்குப் போன் அடித்தது. இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருந்த ஒரு பெயின்ட் கம்பெனி. குடோனில் புகை வருகிறது, உடனே வாருங்கள் என்று மேனேஜரே இங்கிலீஷில் கத்தினார். வாட்ச் ரூமில் இருந்தவர் கோபால். நேரத்தை எழுதினார், மணி அடித்தார். ஏழு பேரும் வண்டியில் ஏறினோம். நான் டிரைவருக்குப் பக்கத்தில்.

வண்டியின் மூக்கு கேட்டைத் தாண்டும்போது ஒரு சைக்கிள் குறுக்கே வந்து விழுந்தது. முப்பது வயதுக்குள் ஒரு ஆள், சட்டை இல்லை, உடம்பெல்லாம் வியர்வை. சைக்கிளைப் போட்டுவிட்டு என் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பழக்கம். இரண்டு ஏழு.

“சார், பனந்தோப்பு குடிசைங்க பத்திக்கினு எரியுது சார். கெணத்துக்கு அந்தாண்ட வரிசை. காத்து இப்டிக்கா திரும்பினா எங்க ஊட்டுக்கும் வந்துரும். எங்க அண்ணி பச்ச ஒடம்பு சார், உள்ளாற படுத்துகினு கீது.”

இடம், எரிகிற பொருள், உள்ளே இருக்கும் ஆள், கிணறு. நாலு கேள்விக்கும் கேட்காமலே பதில் சொல்லிவிட்டார். இதைவிடச் சரியாக ஒரு ரன்னிங் கால் என் சர்வீஸில் வந்ததில்லை.

பனந்தோப்பு மேற்கே, பெயின்ட் கம்பெனி கிழக்கே. அந்த ஒரு கணத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். அதற்கு முந்தின மாதம் அதே எஸ்டேட்டிலிருந்து, வண்டி தாமதமாக வந்ததென்று ஒரு புகார் மேலே போய், என்னிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். அந்தப் பயம் ஒன்று. இன்னொன்று, குடிசை நெருப்புக்கு வருகிறவர்கள் எல்லோருமே உள்ளே ஆள் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். சொன்னால்தான் வண்டி சீக்கிரம் வரும் என்று ஒரு நம்பிக்கை. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் எல்லோரும் வெளியே நிற்பார்கள். குடிசைதானே, நாங்கள் போவதற்குள் எப்படியும் எரிந்து முடிந்துவிடும். இப்படியெல்லாம் நினைத்தேன்.

“வர்றோம், நீ போ” என்றேன். டிரைவர் என் முகத்தைப் பார்த்தார். “கம்பெனிக்கே விடு” என்றேன்.

இறங்கிப் போய்க் கோபாலிடம், பக்கத்து நிலையத்தைக் கூப்பிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்து அடி தூரம். அதையும் செய்யவில்லை.

பெயின்ட் கம்பெனியில் எரிந்தது ஒரு மூலையில் கிடந்த எண்ணெய்த் துணிக் குவியல். அவர்களுடைய ஆட்களே மணலைக் கொட்டி முக்கால்வாசி அணைத்திருந்தார்கள். மேனேஜர் எங்களுக்குக் குடிக்கக் கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். நான் வேண்டாம் என்று வண்டியைத் திருப்பச் சொன்னபோது இரண்டு இருபத்தைந்து ஆகியிருந்தது. மேற்கே வானத்தில் புகை நின்றது.

பனந்தோப்பில் இரண்டு வரிசைக் குடிசைகள், நடுவில் ஒரு சந்தும் கிணறும். நெருப்பு தொடங்கியது கிணற்றுக்கு அப்பால் இருந்த வரிசையில். ஆண்களும் பெண்களுமாகக் குடங்களைக் கைமாற்றி அங்கேதான் ஊற்றிக்கொண்டிருந்தார்களாம். இந்தப் பக்கத்து வரிசை அரை மணி நேரம் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. பிறகு காற்று திரும்பி, எரிகிற கீற்று பறந்து சந்தைத் தாண்டி விழுந்திருக்கிறது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இந்த வரிசையின் கூரைகள் உட்கார்ந்துகொண்டிருந்தன. இரண்டு குழாய் போட்டுப் பத்து நிமிடத்தில் அணைத்தோம். கடைசிக் குடிசையில் அந்தப் பெண் இருந்தாள். பிள்ளை பெற்று மூன்று நாள், ஜுரம் வேறு. புகையாக இருக்கிறதென்று பக்கத்து வீட்டு அம்மாள் குழந்தையை மட்டும் தூக்கிக்கொண்டு சாலைக்குப் போயிருக்கிறார். குழந்தை அவர் மடியில் பிழைத்திருந்தது.

பெண்ணை நான்தான் தூக்கி வெளியே கொண்டுவந்தேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு உரிமை இல்லை.

நிலையத்துக்குத் திரும்பும்போது ஐந்து மணி இருக்கும். கோபால் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயின்ட் கம்பெனி அழைப்புக்கு நேரம் இருந்தது. அதற்குக் கீழே ‘ரன்னிங் கால், பனந்தோப்பு’ என்று எழுதி, நேரம் போட வேண்டிய இடத்தை வெற்றாக விட்டிருந்தார். கேட்டில் நடந்ததை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தார்.

“இன்னா டைம் போடறது லீடிங்?”

அவர் கேட்ட விதத்திலேயே எல்லாம் இருந்தது. பூட்ஸைக் கழற்றினேன். பூட்ஸுக்குள் எரிந்த துணியின் நாற்றம் ஏறியிருந்தது.

“ரெண்டு இருபத்தஞ்சு போடு. நாம கம்பெனியில இருந்தப்போ ஆள் வந்தான். நீ அங்க போன் பண்ணிச் சொன்னே. நாங்க அப்படியே திரும்பினோம்.”

கோபால் எழுதினார். மை காயும்வரை பேனாவைக் கையிலேயே வைத்திருந்தார். வண்டியில் என்னோடு இருந்த ஆறு பேரும் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். ஒரே அடுப்பில் பொங்கித் தின்றவர்கள். என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன்.

பத்து நாள் கழித்து விசாரணை நடந்தது. மேலிடத்து அதிகாரி ஒருவர் எங்கள் நிலையத்துக்கே வந்து மேசை போட்டு உட்கார்ந்தார். பனந்தோப்பிலிருந்து இருபது பேருக்கு மேல் வந்து முற்றத்தில் நின்றார்கள். அப்போது அவர்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். சர்க்கார் கொடுத்த கீற்று இன்னும் வந்து சேரவில்லை. இறந்தவளின் புருஷன் கன்னியப்பன் செங்கல் சூளையில் வேலை பார்ப்பவர். அவருடைய தம்பிதான் சைக்கிளில் வந்தவர். ஏகாம்பரம் என்று பெயர் சொன்னார். லாரியில் மூட்டை ஏற்றுகிற வேலை.

ஏகாம்பரம் தெளிவாகத்தான் பேசினார். “நான் வந்தப்போ வண்டி கேட்டாண்ட கீதுங்க. இவுருதான் முன்னால குந்திகினு இருந்தாரு. அண்ணி உள்ளாற கீதுன்னு சொன்னேங்க. வர்றோம், நீ போன்னாருங்க.”

என்னைக் கை காட்டினார். அதிகாரி பதிவேட்டைப் புரட்டினார்.

“இதுல ரெண்டு இருபத்தஞ்சுன்னு இருக்கு. அப்போ வண்டி இங்க இல்லையே. உன்கிட்ட வாட்ச் இருக்கா?”

“இல்லீங்க.”

“அப்புறம் எப்படி நேரம் சொல்றே?”

“நேரம் தெரியாதுங்க. வண்டி இருந்திச்சிங்க.”

“குடிப்பியா?”

ஏகாம்பரம் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். “எப்பனாச்சும்… அன்னிக்கி இல்லீங்க.”

“வழியில எங்கயாவது நின்னியா?”

“செயின் கயண்டுகிச்சிங்க. ரெண்டு தபா. மாட்டிக்கினு வந்தேன்.”

“எவ்வளவு நேரம் ஆச்சு?”

“கொஞ்ச நேரந்தாங்க…”

அந்த இடத்தில் அவர் குரல் இறங்கியது. எல்லோரும் அதைக் கேட்டார்கள். அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார். அவரையும் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் முன்னால் இருந்தது நாங்கள் எழுதிய புத்தகம்.

கன்னியப்பன் அதுவரை சுவரோரம் குந்தியிருந்தார். எழுந்து வந்து தம்பியின் முன்னால் நின்றார்.

“வண்டி வந்துரும், நீ அங்கியே படுத்துகினு இருன்னு நான்தான்டா அவகிட்ட சொன்னேன். தம்பி போயிக்கிறான், இதோ வந்துரும்னு சொன்னேன்டா. எங்கடா நின்ன?”

“எங்கியும் நிக்கல நைனா.” அண்ணனை அவர் அப்பாவைப் போல நைனா என்றுதான் கூப்பிட்டார், அவரை வளர்த்ததே அண்ணன்தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“எங்கடா நின்ன?”

மூன்றாவது முறையும் கேட்டார். ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. வழி தெரியாதவர் வழி கேட்கிற மாதிரி ஒரு பார்வை. நான் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று மாலை எல்லோரும் போன பிறகு சாமுவேல் சார் என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் பதிவேடு திறந்திருந்தது.

“தணிகாசலம், இந்த நேரம் சரிதானா?”

“சரிதான் சார்.”

பதிவேட்டை மூடி வைத்தார். இன்னொரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அவர் இன்னொரு தடவை கேட்கவில்லை. மறுநாள் ஒரு உத்தரவு போட்டார். இனி நேரில் வந்து தகவல் சொல்பவர், வண்டி கிளம்பும் முன்னால் நேரத்துக்குப் பக்கத்தில் கையெழுத்தோ கைநாட்டோ போட வேண்டும். நெருப்பு எரியும்போது கைநாட்டு வாங்கிக்கொண்டிருப்பார்களா என்று மற்ற நிலையங்களில் கேலி செய்தார்கள். எதற்காக அந்த உத்தரவு என்று எங்கள் நிலையத்தில் யாரும் கேட்கவில்லை. அதன்பிறகு என்னை அவர் ஒரு வார்த்தை குறைத்துப் பேசியதில்லை. ஆனால் மழைக்கு முந்தைய பட்டியல் எடுக்க என்னை மறுபடி அனுப்பவில்லை.

எனக்கு ஒரு குறையும் வரவில்லை. புகார் முடிந்தது, பதவி உயர்வும் வந்தது, வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஏகாம்பரம்தான் பனந்தோப்பில் இருக்க முடியவில்லை. குடிக்கப் போய் அண்ணியைக் கொன்றவன் என்று பேச்சாகிவிட்டதாம். அண்ணன் பேசுவதை விட்டுவிட்டார். ஒரு நாள் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோமாம்.

எழுபதுகள் முடியும் சமயத்தில் நான் மாற்றலாகித் திரும்பி வந்தேன். சாமுவேல் சார் அதற்கு முந்தைய வருடமே காலமாகிவிட்டார். பனந்தோப்பு ஆள் ஒருவர், ஏகாம்பரம் வேப்பம்பட்டில் ஒரு ரைஸ் மில்லில் இருப்பதாகச் சொன்னார். அடுத்த ஓய்வு நாளில் ரயில் ஏறினேன். காலைப் பத்து மணி. மில் களத்தில் அவித்த நெல்லைப் பரப்பி, காலால் கோடு கோடாகத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

“வாங்க சார். நல்லா கீறீங்களா?”

நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாக்கை உதறி விரித்தார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று நின்றபடியே சொன்னேன். நீங்கள் வந்தது இரண்டு ஏழுக்கு. வண்டி கேட்டில்தான் இருந்தது. நேரத்தை மாற்றி எழுதச் சொன்னது நான்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார்.

“எனக்காவ சொல்றீங்க சார். நீங்க நல்ல மனுசன். நான் எங்கியோ நின்னுதான் இருப்பேன்.”

“நிக்கல ஏகாம்பரம். நான்தான் பார்த்தேனே.”

“நானும் மொதல்ல அப்டித்தான் சொல்லிகினு இருந்தேன். அப்பால யோசிச்சிப் பாத்தேன். புக்குல எழுதிக்கீது. அத்தினி பேரு சொல்றாங்க. சாராயக் கடையாண்டதான் செயின் கயண்டுது சார். அங்க ஒரு வாய் ஊத்திகினு இருப்பேனோ இன்னாவோ. நெனப்புல இல்ல. அதுக்கப்பறம் அத்தத் தொடறதே இல்ல.”

கன்னியப்பனிடம் நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். அவர் திருமழிசைக்குக் குடிபோயிருந்தார். ஏகாம்பரம் பதறிப்போனார்.

“வேணாம் சார். இப்பத்தான் பேச ஆரம்பிச்சிக்கிறாரு. அந்தக் கொயந்தைக்குக் காது குத்தறப்போ ஆள் அனுப்பினாரு. எட்டு வருசங்கழிச்சி என்னை மன்னிச்சிட்டாரு. இப்பப் போயி நீங்க வேற ஒண்ணு சொன்னீங்கன்னா, அவுரு அத்தினி வருசத்தையும் எங்க வெச்சிப்பாரு? உட்ருங்க.”

நான் விட்டுவிட்டேன். அவர் கேட்டுக்கொண்டதால்தான் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அவர் அப்படிச் சொன்னதும் எனக்குள் ஒரு பாரம் இறங்கியது. அது நிம்மதி என்று உணர்ந்தபோது வெட்கமாக இருந்தது. மேலிடத்துக்கு எழுதியிருக்கலாம், அதையும் செய்யவில்லை. கன்னியப்பனும் இப்போது இல்லை. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு நான் இருக்கிறேன்.

கிளம்பும்போது ஏகாம்பரம் மில் வாசல்வரை வந்தார். ஏதோ கேட்க நினைத்து, தயங்கி, மறுபடி வாயைத் திறந்தார்.

“சார், நீங்க சொல்றது நெசம்னே வெச்சிக்கலாம். நான் கேட்டாண்ட வந்தேன், நீங்க இருந்தீங்க. நான் இன்னா சொன்னேன்?”

அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். பனந்தோப்பு, கிணற்றுக்கு அந்தாண்ட வரிசை, காற்று, எல்லாம். வேறு யாருக்கோ நடந்ததைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணி உள்ளாற கீதுன்னு சொன்னேனா சார்?”

“சொன்னீங்க.”

“கரீட்டா சொன்னேனா? உங்களுக்கு வெளங்கறாப்ல?”

“எனக்கு விளங்கிச்சு.”

பிறகு நெல் காய்கிறது என்று சொல்லிவிட்டுக் களத்துக்குத் திரும்பி நடந்தார்.